நோயாளி சொன்னது

வாளையார்
2-9-1974

தங்கச்சி பொன்னாத்தாளுக்கு அண்ணன் செங்கோட்டையன் எழுதுவது.

இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. சுற்றி வளைத்துப் பேச எனக்கு நேரமில்லை, நேராகவே வருகிறேன்.

நேற்றுப் பகல் குப்பண்ணன் மச்சான் சாந்தன்பாறையிலிருந்து ஜீப்பில் இறங்கி என் கிடங்கில் வந்து உட்கார்ந்தார். கூடப் பிறந்த அண்ணன் வந்த சந்தோஷத்தில் உன் அண்ணி மோர் கொண்டு வந்து வைத்தாள். அவர் மோரைத் தொடவில்லை. "ஏனுங் மாப்ளே, உங்க தங்கச்சி நர்சுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குதா, போலீஸ் ஸ்டேசன் நடத்துதா?" என்று ஆரம்பித்தார்.

அவருடைய ஏலக்காட்டில் வேலை செய்த பொன்ராஜ் என்பவன் சரிவில் வழுக்கி, கையிலிருந்த கத்தியின் மேலேயே விழுந்து, உங்கள் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் செத்துப் போனானாம். டாக்டரும் ரிஜிஸ்தரில் அப்படித்தான் எழுதியிருக்கிறாராம். நீ மட்டும் உன்னிடம் படிக்கிற ஆறு பெண்களையும் அவன் கட்டிலைச் சுற்றி நிறுத்தி வேறு மாதிரி எழுத வைத்தாயாம். அந்த ஆறில் ஒருத்தி என் மகள் செல்லாத்தாள். அவளுக்குக் காது குத்தியபோது மடியில் உட்கார வைத்துக்கொண்ட தாய்மாமன் அவர். மறந்துவிடாதே.

நான் மிளகாய் மூட்டையைத் தலையில் சுமந்து, செக்போஸ்டில் வரிசையாக நிற்கும் லாரிக்காரர்களுக்குப் படி படியாக விற்று மேலே வந்தவன். இன்று மூன்று லாரி ஓடுகிறது. அடுத்தவன் மூட்டையை அவன் கேட்காமல் பிரித்துப் பார்த்ததில்லை, அதனால் தான் ஓடுகிறது. மச்சான் காட்டு ஏலக்காய் வராவிட்டால் ஒரு லாரி நின்றுவிடும். இதையும் மறைக்கவில்லை.

நீ டியூட்டர். கரும்பலகை, சாக்பீஸ், எலும்புப் படம் இவை உனக்குப் போதாதா? வெட்டும் குத்துமாக வருகிறவனிடம் உனக்கு என்ன வேலை? ஆறு நோட்டையும் அடுப்பில் போடு. போட்டேன் என்று ஒரு வரி எழுது.

செங்கோட்டையன்


சாந்தன்பாறை
8-9-1974

அண்ணனுக்கு, பொன்னாத்தாள் எழுதுவது.

நேராகக் கேட்டீர்கள். நானும் நேராகச் சொல்கிறேன். போடவில்லை, போட மாட்டேன்.

ஆகஸ்ட் இருபத்தேழு, மதியம் பன்னிரண்டு மணி. ஏலக்காய்ச் சாக்கில் சுற்றிப் பொன்ராஜை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். வாசலிலிருந்து கட்டில் வரை தரையில் ரத்தம் கோடு போட்டது. பூமாரி என்ற பிள்ளை மூலைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். டாக்டர் தேவிகுளத்துக்குப் போயிருந்தார். அன்று காலை நான் வகுப்பில் நடத்திய பாடமே காயங்கள்தான். அவர் பிடரியில் இருந்த வெட்டை அழுத்திப் பிடித்தபடி மிச்சப் பாடத்தையும் நடத்தினேன். கல்நெஞ்சுக்காரி என்று நினைப்பீர்கள். வகுப்பில் இருக்கும் துணிப் பொம்மைக்கு ரத்தம் வராது அண்ணா. அதில் கட்டுப் போடப் பழகிய பிள்ளை, மனிதனைக் கண்டதும் கை நடுங்கி நிற்பாள். அதனால்தான் காலையில் வாயால் சொன்னதை மதியம் வார்டில் என் கையால் செய்து காட்டுகிறேன்.

செய்து முடித்ததும் ஒவ்வொருத்தியும் அடுத்தவளைப் பார்க்காமல் நோட்டில் நான்கு கட்டம் போட்டு எழுத வேண்டும். காயத்தின் இடம். அளவு. ஓரம். நான்காவது கட்டம், நோயாளி சொன்னது. அவர் வாயில் வந்த சொல்லை அப்படியே எழுத வேண்டும். நான் சிவப்பு மையில் திருத்தித் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பேன்.

பிடரியில் ஒரு வெட்டு, எலும்பு தெரிந்தது. வலது முன்கையின் வெளிப்புறம் மூன்று. வழுக்கி விழுந்தவனுக்குப் பிடரியில் எப்படி வெட்டு விழும்? கையைத் தூக்கித் தடுத்தவனுக்குத்தான் முன்கையில் மூன்று விழும். அவர் நல்ல நினைவோடுதான் சொன்னார்: "சங்கக் கொடிக்கம்பம் நட்டதுக்கு ஸ்டோருக்குள்ள கூப்புட்டாக தாயி. பெரியமுத்து கங்காணி புடிச்சுக்கிட்டான். வெட்டுனது குப்பண்ணன் மொதலாளி."

ரிஜிஸ்தரில் நான் எழுதிய பக்கத்தை டாக்டர் மறுநாள் கிழித்துவிட்டு வேறு எழுதினார். அவருடைய குடியிருப்புக்குப் புதுக் கூரை யார் போட்டுக் கொடுத்தது என்று உங்கள் மச்சானைக் கேளுங்கள்.

உங்கள் மகள் மட்டும் நான்காவது கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். "அத்தே, அது எங்க மாமனுங்க" என்றாள். "கட்டில்ல கெடக்கறவருக்கு அவரு மாமனில்ல. காலியா உட்டா மார்க் இல்ல" என்று மற்ற மூன்று கட்டத்துக்கும் கையெழுத்துப் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் இரண்டு பேர் ஹாஸ்டலுக்குள் புகுந்து பிள்ளைகளின் பெட்டிகளைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்கள் மச்சானிடம் இதைச் சொல்லிவிடுங்கள். திருத்திய நோட்டுகள் பிள்ளைகளிடம் இல்லை. என் வகுப்பறை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். வேண்டும் என்றால் என்னிடம் வரட்டும். பிள்ளைகளைத் தொட வேண்டாம்.

பொன்னாத்தாள்


வாளையார்
16-9-1974

பொன்னாத்தாளுக்கு.

உன் அண்ணிக்கு உடம்பு சுகமில்லை. செல்லாத்தாளைப் பார்க்க வேண்டும் என்கிறாள். வருகிற சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அவளை அனுப்பிவிடு. சனிக்கிழமை தப்பக் கூடாது. மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

செங்கோட்டையன்


சாந்தன்பாறை
26-9-1974

செங்கோட்டையன் அவர்களுக்கு.

நேற்று நீங்கள் வந்து செல்லாத்தாளையும் அவள் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். நான் உங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் தையல் கத்தரிக்கோல் இருந்தது. பேசியிருந்தால் அதை எங்கே இறக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணி. எல்லாரும் வார்டில் இருந்தோம். செல்லாத்தாள் மட்டும் வகுப்பறையில் உட்கார்ந்து அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பஸ்ஸுக்கு அவளை நான் அனுப்பவில்லை. ஏழு நாளில் அவளுக்குப் பரீட்சை. பெரியமுத்து கங்காணியும் வேறு இரண்டு பேரும் வந்தார்கள். வேறு எங்கும் தேடவில்லை. நேராக அலமாரியைக் கோடாலியால் பிளந்தார்கள். ஐந்து நோட்டையும் துணிப் பொம்மையின் வயிற்றில் போட்டு, சீமெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். அவள் தீக்குள் கையை விட்டு இழுக்கப் பார்த்திருக்கிறாள். "மொதலாளி மருமகப் புள்ளைடா, விடுங்கடா" என்று ஒருவன் சொன்னானாம். பெரியமுத்து, "பேப்பரு பூரா போவணும்னுதான் உத்தரவு" என்று சொல்லிக்கொண்டே வெட்டினான்.

வலது கையில் நடுவிரல் தரையில் கிடந்தது. மோதிரவிரல் தோலில் தொங்கியது. அவள் தலைமுடி கருகிய நாற்றம் இன்னும் அந்த அறையை விட்டுப் போகவில்லை. நான்தான் தைத்தேன். ஐந்து பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். நோட்டு இல்லாததால் துண்டுக் காகிதத்தில் எழுதினார்கள். பூமாரி இந்த முறை வாந்தி எடுக்கவில்லை.

அண்ணிக்கு உடம்புக்கு என்ன என்று உங்கள் டிரைவர் சூசையப்பனைக் கேட்டேன். "அம்மாவுக்கு என்னங்க? கல்லாட்டம் இருக்கறாங்க" என்றார்.

அலமாரி என்று உங்களுக்குச் சொன்னவள் நான். அது என் புத்திகெட்ட வேலை. ஞாயிற்றுக்கிழமை என்று உங்களுக்குச் சொன்னது யார்?

பொன்னாத்தாள்


பாலக்காடு
6-10-1974

பொன்னாத்தாளுக்கு.

உன் கேள்விக்குப் பதில்: குப்பண்ணன்தான் சொன்னார். உன் கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். அலமாரி என்றதும், "அப்ப சோலி சுளுவாப் போச்சுங் மாப்ளே. ஞாயித்துக்கெழம ஆருமில்லாதப்பப் பூட்ட ஒடைச்சு எடுத்துப்போடலாம். ஒரு குருவிக்குக்கூட ஒண்ணும் ஆவாது" என்று சொல்லி, என் தராசின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். காகிதம் ஒழிந்தால் நீயும் பிழைப்பாய், பெண்ணும் பிழைப்பாள், லாரியும் ஓடும் என்று நினைத்தேன். முப்பது வருஷமாகச் சரக்கின் மணத்தை வைத்தே தரம் சொல்கிறவன், கூட உட்கார்ந்து உண்டு பழகிய உறவில் ஏமாந்தேன். வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

மோதிரவிரலையும் எடுத்துவிட்டார்கள்.

போன வியாழக்கிழமை குப்பண்ணன் ஆஸ்பத்திரிக்கே வந்தார். ஆரஞ்சுப் பழக் கூடையோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, "பசங்க புத்தி கெட்டுப் பண்ணிப்போட்டானுங்க. வெரலு போன புள்ளைய வெளியில ஆருங் கட்டுவாங்க? எம்பையனுக்கே எடுத்துக்கறனுங்" என்றார். நான் உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை. அன்று பகல் முழுக்க அதை யோசித்தேன். பெண் பிழைத்துக்கொள்வாளே என்று யோசித்தேன். செல்லாத்தாள் யோசிக்கவில்லை. "மாமா, தாலி கட்டறதுக்கு எனக்குக் கழுத்து வேணும். அதையும் எடுத்துப்போட்டுத்தான உடுவீங்க?" என்றாள். உன் அண்ணி ஆரஞ்சுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் வைத்துவிட்டு வந்தாள்.

இன்னொரு விஷயம். செல்லாத்தாளின் பெட்டியைத் திறந்தேன். உள்பாவாடைகளுக்கு நடுவே அவளுடைய நோட்டு இருக்கிறது. ஆள் வரும் சத்தம் கேட்டதும் அதை இடுப்புச் சேலைக்குள் செருகிக்கொண்டாளாம். உன் கையெழுத்தும் தேதியும் அதில் இருக்கின்றன. ஓரமெல்லாம் ரத்தம் காய்ந்து முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. நான்காவது கட்டத்தை நிரப்பியிருக்கிறாள். முழுப் பெயரோடு.

இந்த ஒன்று மிஞ்சியிருப்பது யாருக்கும் தெரியாது. என்ன செய்வது என்று இன்னும் நான் முடிவு செய்யவில்லை.

செங்கோட்டையன்


சாந்தன்பாறை
14-10-1974

அண்ணா,

எனக்கு நிர்வாகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. டியூட்டர் இனி வகுப்பறையை விட்டு வெளியே வரக் கூடாது. வார்டுக்குள் கால் வைத்தால் வேலை இல்லை. நீங்கள் முதல் கடிதத்தில் எழுதியதைத்தான் அவர்களும் எழுதியிருக்கிறார்கள், கரும்பலகையும் சாக்பீஸும் போதுமாம். கரிப்பிடித்த சுவரைப் பார்த்துப் பாடம் சொல்கிறேன். பிள்ளைகள் வார்டில் தனியாக நிற்கிறார்கள். நேற்று ஒரு குழந்தைக்கு ஊசியை மாற்றிப் போட இருந்தாள் ஒருத்தி. ஜன்னல் வழியாகக் கத்தித் தடுத்தேன்.

பொன்ராஜின் பெண்டாட்டி வேலுத்தாய் வந்திருந்தாள். போலீஸ் எழுத மறுத்ததால் அவளே தேவிகுளம் கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறாள். முப்பதாம் தேதி விசாரணை. வக்கீல் கேட்பது ஒன்றுதான், டாக்டரின் ரிஜிஸ்தருக்கு எதிராக அன்றைக்கே எழுதிய ஏதாவது ஒரு காகிதம். அப்படிப்பட்ட காகிதம் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அது உங்கள் கையில் இருக்கிறது.

உங்களைக் கெஞ்ச மாட்டேன். உங்கள் மகள் இரண்டு விரலைக் கொடுத்து எடுத்து வந்த சரக்கு அது. முப்பதாம் தேதிக்குள் வந்தால் நீங்கள் என் அண்ணன். வராவிட்டால் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

பொன்னாத்தாள்


பாலக்காடு ஆஸ்பத்திரி
3-11-1974

பொன்னாத்தாளுக்கு.

எழுத்து கோணலாக இருக்கும். சொல்கிறவன் நான், எழுதுகிறவள் செல்லாத்தாள், அதுவும் இடது கையால்.

நோட்டு உன் கைக்கு வந்து, கோர்ட்டிலும் கொடுத்தாகிவிட்டது என்று சூசையப்பன் தந்தி அடித்திருந்தான். இங்கே நடந்ததைக் கேள்.

குப்பண்ணன் மோப்பம் பிடித்துவிட்டார். என் மூட்டைத் தூக்கிகளில் ஒருவன் சொல்லியிருக்கிறான். என் லாரி எது கிளம்பினாலும் வழியில் மடக்க ஆள் நிறுத்தியிருந்தார்கள். அதனால் இருபத்தெட்டாம் தேதி விடியற்காலை சூசையப்பனை வேறு ஒருவருடைய சிமெண்டு லாரியில் கிளீனர் மாதிரி ஏற்றிவிட்டேன். நோட்டு அவன் சோற்றுத் தூக்கில், சோற்றுக்கு அடியில் போனது. பிறகு என் லாரிகள் மூன்றையும் வாசலிலேயே நிறுத்தி, கிடங்கைத் திறந்து வைத்து, கல்லாப் பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் பகட்டாகத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். வருவார்கள் என்று தெரியும். அவர்கள் என்னிடம் நேரத்தைச் செலவழித்தால் சூசையப்பனுக்கு அவ்வளவும் லாபம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த செல்லாத்தாளைப் பின்கட்டில் இருக்கச் சொன்னேன். யார் கேட்டாள்?

பத்து மணிக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் தன் ஏலக்காட்டுக் கத்தியைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். "சாவியக் குடுங்" என்றார். "வந்து எடுத்துக்குங்" என்றேன். முதல் வெட்டைக் கையால் வாங்கினேன். இரண்டாவது, மூன்றாவது எல்லாம் அதே கையில். தராசுக்குப் பக்கத்தில் பத்துக் கிலோ படிக்கல் இருந்தது. எடுத்து அவருடைய முழங்காலில் போட்டேன். சில்லு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. திரும்பியதும் பின்னாலிருந்து ஒன்று தோளில் இறங்கியது. கூட வந்தவன் ஒருவன் என் வாயில் காலை வைத்து மிதித்தான். நான்கு பல் போய்விட்டது. ஒரு மூட்டை மிளகாய் கிழிந்து, அதன் மேல் விழுந்து கிடந்தேன். எரிச்சலில் வெட்டு எது, மிளகாய் எது என்று தெரியவில்லை. அவர்கள் கல்லாப் பெட்டியை உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே பழைய காலண்டர்தான் இருந்தது. உடைந்த காலை இழுத்துக்கொண்டு அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

செல்லாத்தாள் கட்டுப் போட்ட கையாலேயே என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாள். டாக்டர் வருவதற்கு முன் நீ சொல்லிக் கொடுத்த மாதிரி நான்கு கட்டம் போட்டு எழுதியும் விட்டாள். திருத்தச் சொல்லி உனக்கு அனுப்புகிறாள். இத்துடன் இருக்கிறது.

போலீஸ் வந்து கேட்டது. கூரைக்கு வாங்கி வைத்திருந்த தகரம் சரிந்து விழுந்து அறுத்துவிட்டது என்று சொன்னேன். மூட்டைத் தூக்கிகளும் ஆமாம் என்றார்கள். இதை எழுதும்போது உன் மருமகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அதட்டி எடுக்க வைத்திருக்கிறேன். கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பது அந்த மனுஷனின் தங்கச்சி. இருபத்திரண்டு வருஷம் என் வீட்டில் சோறு பொங்கியவள். அவள் முகத்துக்கு எதிரே அவள் அண்ணன் பெயரை எப்படிச் சொல்வது? நோட்டு கேட்டாய், நோட்டு வந்துவிட்டது. அதற்கு மேல் என்னால் முடியாது.

செங்கோட்டையன்

(இணைப்பு)
இடம்: இடது முன்கை, வெளிப்புறம், மூன்று. வலது தோள், பின்பக்கம், ஒன்று.
அளவு: கையில் உள்ளவை இரண்டு அங்குலம், மூன்று, மூன்று. தோளில் ஐந்து அங்குலம், எலும்பு வரை.
ஓரம்: நேராக, பிசிறு இல்லை.
நோயாளி சொன்னது:


சாந்தன்பாறை
8-11-1974

செல்லாத்தாளுக்கு அத்தை எழுதுவது. இதை உன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டு.

உன் காகிதத்தைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இடம் சரி. அளவு சரி. இடது கையால் இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறாய். ஓரம் என்ற கட்டத்தில் சிவப்பு மையில் நான் சேர்த்திருப்பதைப் பார்: சரிந்து விழும் தகரம் ஒரே இடத்தில் மூன்று முறை விழாது. பொன்ராஜுக்கு வலது முன்கை, இவருக்கு இடது. மற்றபடி இரண்டும் ஒரே கத்தி, ஒரே கை.

தேவிகுளத்தில் நோட்டை வாங்கிக்கொண்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் என்ன சொல்கிறார் தெரியுமா? இது டியூட்டர் சொல்லிச் சொல்லிப் பிள்ளை எழுதிய கட்டுரையாம். குப்பண்ணன் நோட்டுக்காக ஆளை வெட்டுகிறவர் இல்லையாம், மரம் விழுந்து முழங்கால் உடைந்து படுத்திருக்கிறாராம். அடுத்த விசாரணை இருபதாம் தேதி. உயிரோடு இருக்கும் ஒருவர் வாய் திறக்காவிட்டால் வேலுத்தாய் மலையிறங்கிப் போக வேண்டியதுதான். பெரியமுத்து இப்போதே அவள் குடியிருக்கும் லயத்து வீட்டு வாசலில் வந்து உட்காருகிறான்.

நான்காவது கட்டம் காலி. யாராக இருந்தாலும் காலியாக விட்டால் மதிப்பெண் இல்லை. நோயாளியைக் கேட்டு எழுதி அனுப்பு.

அத்தை


பாலக்காடு ஆஸ்பத்திரி
12-11-1974

பொன்னாத்தாளுக்கு.

உன் கடிதத்தைச் செல்லாத்தாள் உரக்கத்தான் படித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் கூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். படித்து முடித்து, மடியில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு, "நோயாளி சொல்லுங்க" என்றாள். அப்பா என்று கூப்பிடவில்லை.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணி எழுந்து வாசல் வரைக்கும் போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். அங்கேயே நின்று, திரும்பிப் பார்க்காமல், "வெறுங் குப்பண்ணன்னு எழுதாத கண்ணு. ஊர்ல நாலு குப்பண்ணன் இருக்கறாங்க. எங்கப்பன் பேரையும் சேத்து எழுதிக்க" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு என்ன கஷ்டம்? நான்கு பல் இல்லாத வாயால் சொல்லியிருக்கிறேன், காற்றுத்தான் வருகிறது. இவள் சரியாக எழுதியிருக்கிறாளா பார். போலீசுக்கும் சொல்லி அனுப்பியாகிவிட்டது. இருபதாம் தேதி ஸ்ட்ரெச்சரில் வைத்தாவது என்னைத் தேவிகுளம் கொண்டு வரச் சூசையப்பனிடம் சொல்லியிருக்கிறேன்.

செங்கோட்டையன்

(இணைப்பு)
நோயாளி சொன்னது: "என்னை வெட்டுனது ராமண்ணக் கவுண்டன் மகன் குப்பண்ணன். எம்பொண்டாட்டிக்குக் கூடப் பொறந்த அண்ணன். எம்மக எழுதுன நோட்டுக்காக வெட்டுனாரு. பொன்ராஜ வெட்டுனது யாருன்னு அதுல இருந்துது. தகரம்னு நான் சொன்னது பொய்."